முன்னாடி ஆள் போறாங்க

என் தங்கையை ஜவ்வாது மலையிலிருந்து கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் அவளுக்கு ஒரு சைக்கிள் விளக்கு வாங்கிக்கொண்டு போனேன்.

தங்கை பெயர் மலர்விழி. மலைமேல் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊர் பெயரை எழுதப்போவதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அங்கே போய் யாரையும் விசாரிக்க வேண்டாம். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவளைப் பின்னால் வந்த ஜீப் ஒன்று உரசிப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த அன்றே, "திங்கட்கிழமை சைக்கிள் எடுக்கப்போறேன்" என்று போனில் சொன்னாள். அம்மா அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. போகப் போக ஆட்கள் நிறையச் சேர்ந்தார்கள்.

நானும் சைக்கிள்காரிதான். பெரம்பூரில் வீடு, அயனாவரம் தாண்டி வேலை. பளபளக்கும் பச்சை மேல்சட்டை, தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, சக்கரத்தில் ஒட்டும் வெள்ளிப் பட்டை என்று என்னிடம் எல்லாம் உண்டு. அலுவலகத்தில் நான் உள்ளே நுழைந்தால், "சர்க்கஸ் வந்துடுச்சு" என்பார்கள். சென்னையில் யாரும் என்னைப் பார்க்காமல் இடிக்க வருவதில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். மலையில் அப்படி இல்லை என்று மலர் சொல்லியிருந்தாள். அங்கே எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்களாம்: தெரியல.

ஒடுகத்தூரில் நான் இறங்கியபோது மலைக்குப் போகும் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது எப்போது என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "வரும்போது வரும்மா. ஜீப்புல போய்டேன்" என்றார். அவித்த வேர்க்கடலையை மடியில் வைத்து உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிலக்கடலைக்குப் பேர்போன ஊரில் பட்டாணி அளவுக் கடலையைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதிலேயே பாதி கோபம் ஆரம்பித்தாகிவிட்டது.

ஜீப்பில் ஆட்கள், அரிசி மூட்டை, புது மிக்சி ஒன்று, கால் கட்டிய கோழிகள் எல்லாம் ஏறியபின் எனக்கும் ஒரு இடம் இருந்தது. ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர், கழுத்தில் துண்டு. "பட்ணத்துல இருந்து வர்றீங்களா? முன்னாடி குந்துங்க" என்று ஒரு பெரியவரை எழுப்பிப் பின்னால் அனுப்பினார். யார் வீட்டுக்கு என்று கேட்டார். மலர்விழி நர்ஸின் அக்கா என்றேன். "நர்சம்மா அக்காங்களா" என்றவர் அதற்குப் பிறகு தானாக எதுவும் கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

முன் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். கண்ணாடியின் மேல்பாதி முழுக்கக் குலதெய்வத்தின் பெயர், ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். அதற்குக் கீழே பிளாஸ்டிக் சாமந்தி மாலை ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் மாமனார், மாமியார், மச்சான்கள் உபயம் என்று ஒரு பட்டியல். பலகைமேல் சாமி, சாமிக்கு முன்னால் எலுமிச்சம்பழம். இவ்வளவும் போக ரோட்டைப் பார்க்க மிஞ்சிய இடம் ஒரு முழம்கூடத் தேறாது.

"இதுல ரோடு தெரியுதா அண்ணே?"

"பழகிடுச்சிங்க."

அடுத்த வளைவில் விறகுக்கட்டோடு ஒரு பெண் ஓரமாக வந்துகொண்டிருந்தார். நான் பார்த்து ஒரு மூச்சு கழித்துத்தான் ஓட்டுநர் அவரைப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒடித்தார். கோழிகள் கத்தின. பின்னால் யாரோ, "பார்த்துப் போ ஏழுமலை" என்று சாவகாசமாகச் சொன்னார்கள். அப்படித்தான் அவர் பெயர் தெரிந்தது.

ஊர் வந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிலையத்து வாசலில் வைத்தார். வண்டிக் கூலி கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மலர் வெளியே வருவதற்குள் போய்விட்டார்.

மலர் எனக்குச் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் செய்து வைத்திருந்தாள். கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, தட்டை வலது கையாலேயே எடுத்து வைத்தாள்.

"யார் வண்டில வந்தக்கா?"

"ஏழுமலைன்னு ஒருத்தர். நல்ல மனுஷன். காசே வாங்கல."

மலர் ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "அவரு வண்டிதான்க்கா."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மலையில் விளைந்த சாமை, புது அறுவடை, எத்தனையோ நாளாகச் சாப்பிட ஆசைப்பட்டது. அதன் ருசியே எனக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கும் சேர்த்து அந்த ஆள் மேல் கோபம். போலீசில் சொன்னாயா என்றேன். சொல்லவில்லை. சண்டையாவது போட்டாயா என்றேன். அதுவும் இல்லை.

"அவரு வேணும்னு பண்ணலக்கா. மசமசன்னு இருட்டிடுச்சு. தெரியல."

"நீயும் சொல்றியா தெரியலன்னு? உன் சைக்கிள்ல பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்ல?"

"இருக்கு" என்றவள் தண்ணீர் எடுக்க எழுந்துபோனாள். திரும்பி வந்து அம்மாவின் முட்டி வலியைப் பற்றிக் கேட்டாள். சைக்கிள் நிலையத்தின் பின்கட்டில் கோணி போர்த்திக் கிடந்தது. ஹேண்டில் பார் கோணிக்கொண்டு கோணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க மனம் வராமல் நான் கோணியைத் தூக்கவில்லை.

ஏன் சைக்கிள், ஸ்கூட்டர் வாங்கக் கூடாதா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். மலையில் பெட்ரோல் தண்ணீர் பாட்டிலில் பெட்டிக்கடையில் தொங்குகிறது, இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மலையேறிவிட்டால் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்தான். சைக்கிளை மிதிக்கலாம், மேட்டில் தள்ளலாம், ஓடையில் தூக்கிக்கொண்டு தாண்டலாம். பிரசவ வலி ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வரும்வரை காத்திருக்காது என்று மலர் சொல்வாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் விழுந்த ரோட்டை நானே ஓட்டிப் பார்ப்பது என்று கிளம்பினேன். நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் கிடைத்தது. பின்பக்கம் ரிஃப்ளெக்டர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. "வந்த மாசமே வுழுந்துடுச்சிக்கா" என்றாள் அந்த அம்மா. பச்சை மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

முதல் மேட்டில் வரகு தூற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"எப்பம்மா போடப்போறீங்க?"

"எத?"

"ரோட்டத்தான். அளக்கத்தான வந்தீங்க?"

அந்தச் சட்டையை அங்கே ரோடு கான்ட்ராக்ட் ஆட்கள் மட்டும்தான் போடுவார்களாம். அடுத்த ஊரிலும் அதே கேள்வி. அதற்கடுத்த ஊரில் ஒரு பெண்மணி, போன தடவை அளந்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்று என்னைப் பிடித்துத் திட்டினார். நான் எவ்வளவு சொல்லியும் விடவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டுக்கொண்டு போனேன், அது மட்டும் நன்றாகவே நடந்தது.

அவர் திட்டியதில் தப்பில்லை. தார் ரோட்டின் ஓரம் கடித்துத் துப்பியது மாதிரி இருந்தது. விளிம்பிலிருந்து மண் ஒரு சாண் கீழே. எதிரில் வண்டி வந்தால் இறங்க வழியில்லை, இறங்கினால் ஏற வழியில்லை. ஓரக்கோடு இல்லை, வளைவில் தடுப்பில்லை. வெயில் மலைக்குப் பின்னால் போனதும் ரோடு, மண், மரம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்த நேரத்தில் ஒருவரும் விளக்குப் போடவில்லை. பேட்டரி வீணாகிவிடுமாம். கரும்பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் என் முழங்கையைத் தொடாத குறையாகத் தாண்டினார். "கண்ணு இல்லையா?" என்று கத்தினேன். அவர் நிறுத்தித் திரும்பி, மிகவும் பணிவாக, "ஓரமா போங்கம்மா" என்றார். எந்த ஓரம் என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

மலர் விழுந்த இடத்தில் இறங்கினேன். உண்ணிச்செடிப் புதர், கீழே பாறை. பாறைக்கு ஒரு கை தள்ளிப் புதர் இன்னும் நசுங்கியபடியே இருந்தது. அந்த ஒரு கை இடைவெளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்த இடத்தில்தான் அம்மா சொன்னது சரி என்று முதன்முதலாகத் தோன்றியது. நாளைக்கே இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து சைக்கிளை டீக்கடையில் விட்டபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எனக்கு யோசனை சொன்னார்கள். "பொம்பளப் புள்ள இருட்டுல ஏங்க போவணும்? காலைல போய்ட்டு வர்லாம் இல்ல?" என்றார் ஒருவர்.

"உங்க வூட்ல பிரசவம் எல்லாம் காலைலதான் ஆச்சா?" என்று கேட்டேன். டீக்கடை அம்மா சிரித்தார். யோசனை சொன்னவர் சிரிக்கவில்லை.

அப்போது ஏழுமலையின் ஜீப் வந்து நின்றது. அத்தனை நேரமும் சேர்த்து வைத்ததெல்லாம் எனக்கு வாய்க்கு வந்துவிட்டது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன்.

"என் தங்கச்சிய இடிச்சது நீங்கதான்னு ஏன் சொல்லல?"

அவர் இறங்கித் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எப்டிங்க சொல்றது."

"பாத்து ஓட்டணும்னு தெரியாதா? முன்னாடி ஒரு சைக்கிள் போறது தெரியலயா?"

"தெரியலங்க. சத்தியமா தெரியல."

"தெரியாம எப்படிப் போகும்? பின்னாடி சிவப்பு இருக்குது. உங்க லைட்டு பட்டா நெருப்புத் துண்டு மாதிரி தெரியும். வாங்க, காட்டறேன்."

விறுவிறுவென்று நிலையத்தின் பின்கட்டுக்குப் போனேன். பெஞ்சுக்காரர்களும் பின்னால் வந்தார்கள். மலர் உள்ளேயிருந்து, "அக்கா, வேணாம்" என்று கூப்பிட்டாள். நான் கோணியை உருவிப் போட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பி, கைபேசி விளக்கைப் பின்பக்கத்து மட்கார்டில் அடித்தேன்.

ஒன்றும் மின்னவில்லை. ரிஃப்ளெக்டர் அங்கேதான் இருந்தது. அதன் மேல் கெட்டியாக, மூலை முடுக்கெல்லாம் விடாமல், சந்தனம் குழைத்துப் பூசியிருந்தது. காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

ஏழுமலை கிட்டே வந்து குனிந்து பார்த்தார். ஒரு விரலை அதன் மேல் வைத்தார்.

"நான் வெச்சதுங்க" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள், அவர் பாதி, டீக்கடை அம்மா பாதி. ஏழுமலையின் மனைவிக்குப் போன வருஷம் வலி எடுத்து, ஒடுகத்தூருக்குக் கொண்டுபோகும் வழியில், அந்த ஜீப்பிலேயே மலர் பிரசவம் பார்த்திருக்கிறாள். பெண் குழந்தை. ஆயுத பூஜைக்கு ஊரின் எல்லா வண்டிகளையும் ஜீப் ஸ்டாண்டில் வரிசையாகக் கழுவி நிறுத்துவார்கள். இந்த வருஷம் முதல் பொட்டு நர்சம்மா சைக்கிளுக்குத்தான் என்று ஏழுமலை சொல்லிவிட்டாராம். சைக்கிளில் பொட்டு வைக்கத் தோதான இடம் எது? முகம் மாதிரி இருப்பது எது? அந்தச் சிவப்புதான். தன் ஜீப்பின் முன்விளக்குகளுக்கும் அவரே கையால் சந்தனத்தில் மூன்று பட்டை இழுத்து, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, அடுத்த வாரம் அந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து, அவளை இடித்திருக்கிறார்.

மழை இல்லாத வாரம். எதுவும் கரையவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று மலரைக் கேட்டேன்.

"விழுந்த மறுநாளே பாத்துட்டேன்" என்றாள். "அதான் கோணி போட்டு மூடச் சொன்னேன். அவரு பாத்தா தாங்க மாட்டாரு."

ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெஞ்சுக்காரர்கள் நகர்ந்து போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் என் கோபம் தணிந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தணியவில்லை. அவர் நல்லவர் என்பதால் இன்னும் ஏறியது. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் சொன்ன "தெரியல" உண்மைதான். தெரியாதபடி செய்துகொண்டதும் அவரேதான். சாமி மேல் எனக்குக் கோபமில்லை. அவ்வளவு பெரிய வண்டியில் சாமி பெயரை எழுத ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே மட்டும்தானா இடம் கிடைத்தது? கதவு இல்லையா, பின்பக்கம் இல்லையா? இதை எல்லாம் அவர் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். மலர் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

"அவ தெரியற மாதிரி போகணும்னா, நீங்க பாக்கற மாதிரி ஓட்டணும். எல்லாத்தையும் அவ தலையில கட்டாதீங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எழுந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பின் மேல் கட்டினார்.

அன்று இரவு மலரிடம் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். வேலையை விடு, இல்லாவிட்டால் மாற்றல் கேள், எதுவுமில்லாவிட்டால் சைக்கிளையாவது விடு. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விழுந்த அன்றைக்குப் பார்க்கப்போன பெண்ணுக்கு இந்த மாதம் நாள் என்றாள். தலைப்பிரசவம், ரத்தம் குறைவு, வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். கையில் கட்டுப் போட்டிருந்த நாளில் அந்தப் பெண்தான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டுப் போனாளாம். "இனிமே அவள நடக்க வுட மாட்டேன்க்கா" என்றாள். சென்னையில் பிறந்தவள், மலைக்கு வந்து பேச்சே மாறிவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்து, அவள் வரவில்லை என்றேன். அம்மா என்னைத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாலை சைக்கிள் ஒடுகத்தூரிலிருந்து ஹேண்டில் பார் நிமிர்ந்து திரும்பி வந்தது. ஜீப்பும் வேறு மாதிரி வந்தது. கண்ணாடி முழுக்கச் சுரண்டியிருந்தது. பிளேடால் சுரண்டிய கோடுகளுக்கு நடுவே எழுத்தின் வால் ஒன்று இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. குலதெய்வத்தின் பெயர் ஓட்டுநர் கதவுக்கு இடம் மாறியிருந்தது. மாமனார் வகையறா காணவில்லை. வீட்டில் அதற்கு என்ன சண்டை நடந்ததோ, நான் கேட்கவில்லை.

ரிஃப்ளெக்டரை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். அதற்கு மேலே நான் கொண்டுபோன விளக்கை மாட்டினேன். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விட்டு விட்டு மின்னும். சக்கரக் கம்பிகளில் என் பையிலிருந்த வெள்ளிப் பட்டையை ஒட்டினேன். மிச்சத்தை டீக்கடை அம்மா வாங்கித் தன் மகளின் சைக்கிளில் ஒட்டினார். அன்றைக்கு அவர் கொடுத்த சீதாப்பழத்தை உட்கார்ந்து நிதானமாகத் தின்றேன். அதன் ருசி நன்றாகவே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை நான் கிளம்ப வேண்டிய நாள், மலர் சைக்கிள் எடுக்க வேண்டிய நாள். ரோட்டை மூடிப் பனி. ஜீப்பில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஏழுமலையின் மனைவி இடுப்பில் குழந்தையும் கையில் சந்தனக் கிண்ணமுமாக வந்தார். நேராக அந்தப் புது விளக்கை நோக்கி நடந்தார்.

"கிட்ட வராதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"புதுசா மாட்டுனது. ஒரு பொட்டு வெக்காம எப்டிங்க ரோட்டுல வுட்றது? அடிபட்ட வண்டி வேற" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஊரில் பொட்டு வைக்காத வண்டியில் அவளைப் போக விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மலர் குறுக்கே வந்தாள். "வெக்கட்டும்க்கா. வெளக்குல மட்டும் வாணாம். இங்க வைங்க" என்று கைப்பிடியில் இருந்த மணியைக் காட்டினாள். அந்தப் பெண் மனம் நிறைந்து மணி முழுக்கச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். குழந்தையின் கையையும் பிடித்து ஒரு பொட்டு வைக்க வைத்தார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

மலர் முன்னே போனாள். ஜீப் பின்னால் கிளம்பியது. பனிக்குள் அவள் சேலை தெரியவில்லை, சைக்கிள் தெரியவில்லை, அந்தச் சிவப்பு மட்டும் விட்டு விட்டுத் தெரிந்தது. ஏழுமலை அவளைத் தாண்டவில்லை. ரோடு அகலமான இடத்திலும் தாண்டவில்லை. மேட்டில் அவள் இறங்கித் தள்ளினாள். அவரும் ஜீப்பை முதல் கியரில் போட்டு உறுமவிட்டுக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தார். விளக்குகள் இரண்டும் துடைத்து வைத்தது போல் வெள்ளையாக எரிந்தன.

பின்னால் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒருவர், "இன்னா ஏழுமலை, மாட்டு வண்டியா ஓட்ற? பஸ்ஸு பூடும், ஜல்தி போ" என்றார்.

ஏழுமலை அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"முன்னாடி ஆள் போறாங்க. தெரியுது இல்ல?"

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் ஊருக்குப் பிரியும் பாதை வந்ததும் மலர் திரும்பினாள். எங்களுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லும் விதமாகக் கட்டைவிரலால் மணியை அடித்தாள்.

டொக் என்றது.

இன்னொரு தடவை அடித்தாள். இன்னொரு டொக். சந்தனம் அப்பிய மணி வேறு எப்படிக் கேட்கும்? நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, அந்த மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"மொதல்ல அதத் தொடைடீ."